அக்காவுக்கு எழுபத்தொன்று வரை

இன்று காலை ஏழு பத்துக்கு, என் அக்கா எந்த வயதில் சாவாள் என்பதை எங்கள் குடும்பத்தில் பதினொரு பேருக்கு நான் தெரியப்படுத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை. விரல் வழுக்கிவிட்டது.

என் மனைவிக்கு அனுப்ப வேண்டிய படம் அது. அவள் பெயருக்கு நேர் மேலே 'நம்ம வீடு' என்ற குடும்பக் குழு இருந்தது. படம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. பதறிப்போய் அழிக்கப் பார்த்தேன். எனக்கு மட்டும் அழிக்கட்டுமா, எல்லாருக்கும் அழிக்கட்டுமா என்று செல்போன் மரியாதையாகத்தான் கேட்டது. கைக்கு எட்டியதை அமுக்கினேன். இப்போது அந்தப் படம் குடும்பத்தில் என் ஒருவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியாது.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான். தப்பான பொத்தானை அமுக்கிவிட்டு என்னைத் திட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாரையும் இன்று மனதார மன்னித்தேன்.

படத்தில் இருந்தது ஒரு அட்டவணை. ஆள், இப்போதைய வயது, ஆயுள் என்று மூன்று வரிசை. அக்கா அறுபது, எழுபத்தொன்று. அத்தான் அறுபத்தாறு, அறுபத்தெட்டு. நான் ஐம்பத்திரண்டு, எண்பத்து நான்கு. என் மனைவிக்குத் தொண்ணூறு போட்டிருந்தேன். அது கணக்கில் வந்ததல்ல, பயத்தில் வந்தது.

போன வாரம் இந்தத் தொடர் நின்ற இடத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அக்கா ஓய்வு பெற்றாள். ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு படிவமும் கொடுத்து அனுப்பினார்கள். படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் டிக் அடித்தால் நாற்பது லட்சம், ஒரே தடவையில், மொத்தமாக. இன்னொன்றில் அடித்தால் மாதம் முப்பதாயிரம், அவள் உயிரோடு இருக்கும் வரை. அடித்த டிக்கைப் பிறகு மாற்ற முடியாது. கடைசி நாள் இன்று. நான்கு மணிக்குக் கவுன்ட்டர் மூடிவிடும்.

"நீ கணக்குப் போட்டுச் சொல்லுடா, நீ சொல்றதுல அடிக்கறேன்" என்று அக்கா என்னிடம் ஒப்படைத்திருந்தாள். லிஃப்ட் மிஷின் ரூமில் உட்கார்ந்து முதலீட்டுப் பத்திரிகை படிக்கிறவன் என்பதால் குடும்பத்தில் எனக்கு 'ஆடிட்டர்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர். அதை நம்பியது இரண்டே பேர்: அக்காவும் நானும்.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். இன்னொரு கையில் செல்போன்.

"அண்ணிக்கு எழுபத்தொண்ணா?"

"ஒரு உத்தேசம்தான்."

"உங்களுக்கு எண்பத்து நாலு."

"நான் தினம் படி ஏறி இறங்கறவன்."

"லிஃப்ட் மெக்கானிக்."

"லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடறாங்க."

அவள் சிரிக்கவில்லை. கோர்ட்டில் டைப்பிஸ்ட். பொய் சொல்கிறவர்களின் வாக்கியங்களை இருபது வருடமாக ஒரு எழுத்து விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறவள்.

"போன ஞாயித்துக்கிழமை காலைல அண்ணிக்கு எண்பத்தஞ்சு போட்டிருந்தீங்க. நானே பார்த்தேன். மதியம் அண்ணி பையன் வந்துட்டுப் போனான். சாயங்காலத்துக்குள்ள பதினாலு வருஷம் எங்க போச்சு?"

அந்த நேரத்தில் செல்போன் அடித்தது. அத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அழைப்பை ஓடிப்போய் எடுத்தேன்.

"மச்சான், டிவிக்கு மூணு வருஷ சந்தா சேர்ந்தாத் தள்ளுபடின்னு ஒருத்தன் கூப்பிட்டான். வேண்டாம்னுட்டேன். கடைசி ஒரு வருஷம் வீணாப் போயிடும் பாரு."

"அத்தான், அது சும்மா..."

"பரவாயில்லப்பா. ஆடிட்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். சீக்கிரம் வா. அக்கா காலைலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. மனைவியிடமே மறைக்க முடியவில்லை.

அக்காவின் ஒரே மகனை நாங்கள் 'முதலாளி' என்று கூப்பிடுவோம். முப்பத்து மூன்று வயது. செல்போன் உறைக் கடை, கார் கழுவும் கடை, பழைய சோபாவுக்குத் துணி மாற்றும் கடை என்று மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியவன். கார் கழுவும் கடையில் என்னுடைய ஆறு லட்சமும் சோப்பு நுரையோடு சேர்ந்து போயிருந்தது. என் மனைவிக்கு அது வங்கியில் பத்திரமாக இருக்கும் ஆறு லட்சம்.

ஞாயிறு மதியம் அவன் என் எதிரே உட்கார்ந்து சொன்னான். "மாமா, அம்மா மொத்தமா வாங்கினா ஜிம் ஆரம்பிச்சுடுவேன். உங்க ஆறு லட்சத்தை முதல் வேலையா உங்க கையில வெச்சுடறேன். மாசாமாசம்னு போனா அம்மாவும் பிழைக்கமாட்டாங்க, நானும் பிழைக்கமாட்டேன், உங்க ஆறும் பிழைக்காது."

அவன் போனதும் நான் அட்டவணையைத் திறந்தேன். அக்காவுக்கு எண்பத்தைந்து என்றால் மாதப் பணம் தொண்ணூறு லட்சம் வருகிறது. மொத்தம் பக்கத்தில்கூட வர முடியாது. எண்பது என்று மாற்றினேன். எழுபத்திரண்டு லட்சம். எழுபத்தைந்து. ஐம்பத்து நான்கு லட்சம். ஒவ்வொரு மாடியாக இறக்கிக்கொண்டே வந்தேன். எழுபத்தொன்றில் மாதப் பணம் முப்பத்தொன்பது லட்சத்து அறுபதாயிரம். நாற்பதாயிரம் வித்தியாசத்தில் மொத்தத் தொகை ஜெயித்தது. அங்கே நிறுத்தினேன். கதவைத் திறந்து அக்காவை இறக்கிவிட்டேன்.

வட்டியைச் சேர்க்கவில்லையே என்று கேட்கும் வாசகருக்கு ஒன்று சொல்கிறேன். நாற்பது லட்சத்தைப் பத்திரமான இடத்தில் போட்டு அசலைத் தொடாமல் இருந்தால் வட்டி பேசலாம்தான். எங்கள் வீட்டில் அந்தப் பணம் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காராது. இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அக்கா வீட்டுக்குப் போனபோது பத்தரை. கூடத்தில் அத்தான், முதலாளி, மேஜைமேல் ஜிம்முக்கான வண்ணப் படங்கள். அக்கா கட்டிலில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டவைத்ததுபோல் நிற்கும். முப்பத்தொரு வருடப் பழக்கம். என் வேலைச் சட்டையின் பைகள்கூட அந்த ஆஸ்பத்திரிப் பச்சை நூலில் அவள் தைத்துக் கொடுத்தவைதான். இன்றும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

"அக்கா, அந்தப் படம்..."

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன். அது வந்து, ஒரு பேச்சுக்குப் போட்ட நம்பர்."

"பேச்சுக்கே போட்டிருந்தாலும் சரியாத்தான் மாமா இருக்கு" என்று முதலாளி முந்திக்கொண்டான். "பாட்டி எத்தனைல போனாங்க?"

"அறுபத்தொம்பது" என்றேன்.

"அப்ப எழுபத்தொண்ணே தாராளம்."

"எங்கப்பா எண்பத்து மூணு வரைக்கும் இருந்தார்டா" என்றேன். என் குரலுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"பொண்ணுங்க அம்மா மாதிரிதான் மாமா போவாங்க. படிச்சிருக்கேன்."

அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்தார். முக்கியமான விஷயத்துக்குத்தான் அவர் குறைப்பார். "முட்டியப் பாரு. மாடி ஏறினா நடுவுல ரெண்டு தடவ நிக்கறா. சர்க்கரை வேற."

"மருந்து நாத்தத்துல முப்பது வருஷம் நின்ன நுரையீரல்ப்பா அது" என்றான் மகன். "நான் குறையா சொல்லல. அம்மா எங்களுக்காக உழைச்ச உழைப்பு அது. உடம்பு தேஞ்சிருக்கும்ல?"

"தூக்கமும் கிடையாது" என்றார் அத்தான். "மூணு மணிக்கே எழுந்து உக்காந்துக்கறா."

பழைய வண்டி வாங்க வந்தவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள். விலையைக் குறைக்க ஒவ்வொரு கீறலையும் விரல் வைத்துக் காட்டுவார்கள். வண்டி பக்கத்தில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருக்காது, அதுதான் வித்தியாசம். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் ஆறு லட்சம் என் தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

அக்கா கடைசி விரிப்பை அடுக்கின்மேல் வைத்தாள்.

"எழுபதுன்னே வெச்சுக்கலாமே. முழு எண்ணா இருக்கும்" என்றாள்.

கேலி என்று எனக்குப் புரிந்தது. நான் சிரிக்க வாய் திறந்தேன். அதற்குள் அத்தான் நிஜமாகவே யோசித்துப் பார்த்து, "எழுபதுன்னா இன்னும் சுலபம்" என்றார்.

என் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்ப எதுலக்கா அடிக்கப் போற?" என்று கேட்டேன்.

"குடை எடுத்துக்க. திரும்பி வரும்போது மழை வரும்" என்றாள் அக்கா.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு அக்கா, முதலாளி, நான் மூவரும் போனோம். அத்தானுக்குக் கிரிக்கெட் இருந்தது. "நீ எங்க கையெழுத்துப் போட்டாலும் எனக்குச் சம்மதம்" என்று சோபாவிலிருந்தே பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

டோக்கன் அறுபத்து நான்கு. பலகையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் வராத தண்ணீர் இயந்திரம், பேனா திருடு போகாமல் சங்கிலியில் கட்டிய மேஜை. சங்கிலி இருந்தது. பேனா இல்லை.

அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தாள். முதலாளி என் கையைப் பிடித்துத் தூண் பக்கம் இழுத்துப் போனான்.

"மாமா, அம்மா மூட் சரியில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களத்தான் நம்பறாங்க."

"அவசரம் என்னடா? ஜிம் எங்கயும் ஓடிடாதே."

அவன் தரையைப் பார்த்தான். "இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். அஞ்சு லட்சம்."

"உன்கிட்ட ஏது அஞ்சு லட்சம்?"

"ஒருத்தர்கிட்ட வாங்கினேன். வாரவட்டி. வர்ற திங்கக்கிழமை மொத்தமா திருப்பறேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அம்மாவோட ஓய்வூதியக் கடிதத்தக் காட்டித்தான் கொடுத்தார்." தூணின் சுண்ணாம்பைச் சுரண்டினான். "வீட்டு விலாசமும் கொடுத்திருக்கேன்."

"உன் விலாசமா?"

"நான் அங்கதானே மாமா இருக்கேன்."

முதலீட்டுப் பத்திரிகையில் இதற்கெல்லாம் பெட்டிச் செய்தி போடுவார்கள். கைக்கு வராத பணத்தைச் செலவழிக்காதீர்கள், குடும்பத்தினரின் ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்காதீர்கள். அதை வெட்டி என் பர்ஸில்கூட வைத்திருந்தேன். அந்தப் பர்ஸிலிருந்துதான் ஆறு லட்சத்துக்குக் காசோலை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐம்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு விஷயம் கேட்டா நேராச் சொல்லுவியா? எதுல அடிக்கப் போற?"

"சட்டைப் பை திரும்பப் பிரிஞ்சிருக்கு. கழட்டிக் கொடுத்துட்டுப் போ, தெச்சு வைக்கறேன்."

"நான் கேட்டது..."

"அறுபத்து நாலு" என்று பலகை கூப்பிட்டது.

கவுன்ட்டர் பெண் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாங்கள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் அவள் குரல் தெருவுக்கே கேட்கும்.

"மொத்தமா, மாசமாம்மா? மாசம்னா இன்னொண்ணு இருக்கு. உங்களுக்கு அப்புறம் வீட்டுக்காரருக்குப் பாதி வரணும்னா உங்களுக்கு இருபத்தஞ்சாயிரம்தான் வரும். அவருக்கு வேண்டாம், உங்களோட நின்னுடட்டும்னா முழு முப்பது. யோசிச்சு அடிங்க. அப்புறம் வந்து அழுதா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். இடது கையைப் படிவத்தின்மேல் குகைபோல் வைத்து மறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் விடையைக் காப்பியடிக்க விடாத பெண்கள் அப்படித்தான் மறைப்பார்கள். அவள் போட்டுக் காட்டியதைக் காப்பியடித்துத்தான் ஐந்தாம் வகுப்பு வீட்டுப் பாடம் முழுக்க நான் எழுதினேன். அப்போதெல்லாம் அவள் மறைத்ததே இல்லை.

பேனா ஓர் இடத்தில் நின்றது. இறங்கியது. இன்னோர் இடத்துக்குப் போய் மறுபடி இறங்கியது. கையெழுத்து. முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. மூன்று நாற்பது.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் முதலாளி தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "அம்மா, மொத்தம்தானே?"

"எதிர்க்கடைல மூணு ஜூஸ் வாங்கிட்டு வா. எனக்குச் சர்க்கரை வேண்டாம்னு சொல்லு."

"அம்மா..."

"வாங்கிட்டு வா ராஜா."

அந்த 'ராஜா'வில் அவன் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அந்த வார்த்தைக்குப் பிறகு எப்போதும் ஏதாவது கிடைத்திருக்கிறது. வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினான். போகும்போதே யாருக்கோ செல்போனில், "முடிஞ்சுது சார், திங்கக்கிழமை கண்டிப்பா" என்று சொல்வது காதில் விழுந்தது.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நான் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நல்லவனாக இருப்பதற்கு முத்திரை விழுந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வரும்.

"அக்கா, நான் முதல்ல உனக்கு எண்பத்தஞ்சுதான் போட்டிருந்தேன்."

"தெரியும். உன் பொண்டாட்டி காலைலயே சொல்லிட்டா."

"ஏன் குறைச்சேன்னும்..."

"ஆறு லட்சம். கார் கழுவற கடை. அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவன் உன்கிட்ட வாங்கின அன்னிக்கே என்கிட்ட வந்து பெருமையாச் சொன்னான்."

நான் ஒரு ஜோக்கைத் தேடினேன். எனக்கு எப்போதும் ஒன்று கைவசம் இருக்கும். முப்பது வருடமாக அக்காவிடம் எல்லாத் தப்புக்கும் ஜோக்கைக் கொடுத்துத்தான் மன்னிப்பு வாங்கியிருக்கிறேன். இன்று பையைத் தடவினால் ஒன்றும் கிடைக்கவில்லை.

"அவன் வட்டிக்கு வாங்கியிருக்கான்க்கா. அஞ்சு லட்சம். உன் கடிதத்தக் காட்டி. திங்கக்கிழமை வீட்டுக்கு ஆள் வரும்."

அக்கா சாலையைப் பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. எதிர்க்கடையில் முதலாளி மூன்று கண்ணாடி டம்ளர்களை ஒரே கையில் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரட்டும்" என்றாள்.

"அக்கா, எதுல அடிச்ச? இப்பவாவது சொல்லு."

பேச்சை மாற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். மழை, சட்டைப் பை, சாப்பாடு. அவள் ஒப்புகைச் சீட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். நான்கு மூலையும் பொருந்த மடித்திருந்தாள்.

"மாசாமாசம். முழு முப்பது. எனக்கு அப்புறம் யாருக்கும் ஒரு பைசா கிடையாது."

"அத்தானுக்குக்கூடவா?"

"அவருக்குக்கூட."

"கோபத்துல பண்ணிட்டியா? அந்த அட்டவணையப் பார்த்துட்டு?"

"கோபம் வந்திருந்தா மொத்தமா வாங்கி எங்கயாவது போயிருப்பேன். கணக்குப் போட்டுத்தான்டா பண்ணினேன். நீ போட்டது ஒரு கணக்கு, நான் போட்டது ஒரு கணக்கு."

"என்ன கணக்கு?"

"நாப்பது லட்சம் வீட்டுல இருந்தா, நான் ஒரு தடவ இருமினா மூணு பேரு விரல் விட்டு எண்ணுவீங்க. இப்ப நான் இருமினா மூணு பேரும் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுவீங்க. மாசம் பொறந்தா முப்பதாயிரம், நான் மூச்சு விட்டாத்தானே வரும். முட்டிக்கு மருந்து வாங்கறது, சர்க்கரை பார்க்கறது, ராத்திரி தூங்கினேனான்னு கேக்கறது எல்லாம் இனிமே தானா நடக்கும். முப்பத்தொரு வருஷம் நான் கேட்டு வராதது, ஒரு டிக்குல வந்துடும்."

அவள் குரலில் கசப்பில்லை. எத்தனை விரிப்பு போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று வார்டுக்குச் சொல்கிற குரல். அதுதான் என்னைக் கொன்றது.

முதலாளி சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். ஜூஸ் சிந்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தான். அவன் வந்து சேர்வதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி எப்போது இருந்தது?

"மூணு பேருன்னியே. அத்தான் ஒண்ணு, இவன் ஒண்ணு. மூணாவது யாருக்கா?"

அக்கா என் கண்ணைப் பார்த்தாள்.

"நீதான்டா."